மாமியின் காலும் என் கேத்தலும்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் நான் ஒரே படத்தைத்தான் பலகையில் வரைவேன். ஒரு கை. அதற்குக் கீழே ஒரு மெழுகுதிரி. கையிலிருந்து முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்கு ஒரு கோடு, அங்கிருந்து தசைக்குத் திரும்பி வரும் இன்னொரு கோடு. சூடு பட்டது என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே கை பின்னால் வந்துவிடும் என்று சொல்வேன். யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பது என்றிருந்தால் இந்த வகுப்பில் ஒருவருக்கும் முழுக் கை இருக்காது என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பும் ஆண்டுதோறும் அதே இடத்தில்தான் வரும்.

தோலுக்குள் இருக்கும் வாங்கிகளைப் பற்றிப் பேசுவதென்றால் எனக்கு ஒரு குஷி. தொடுகைக்கு ஒரு வகை, அழுத்தத்துக்கு ஒரு வகை, சூட்டுக்கும் குளிருக்கும் தனித்தனி, வலிக்கு வேறு. ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும் பார்க்கும், அடுத்த மேசை ஃபைலைத் தொடாத கந்தோர் கிளார்க் மாதிரி. தூண்டல் போதாவிட்டால் வாயே திறக்காது. ஒரே தூண்டல் விடாமல் வந்துகொண்டிருந்தால் சலித்துப்போய்ச் சும்மா இருந்துவிடும். அதனால்தான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதை வீடெல்லாம் தேடுகிறோம். பதினெட்டு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்டியில் என்னிடம் படித்துவிட்டுப் போய் இன்று தாதியாக, டாக்டராக இருக்கும் பிள்ளைகளும் உண்டு.

இதை முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள், "அவங்களுக்கு ஒணர்ச்சி கொறஞ்சது ஒங்களுக்கு எப்படி டீச்சர் தெரியும்?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஊரில் வேறு யாருக்குத் தெரியாமல் போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மாமி என் கணவரின் தாய். மாமா மவுத்தான பிறகு எங்களோடு வந்து இருந்தார். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை போகிற வழியில், மஹய்யாவ தாண்டி, மேட்டில் எங்கள் வீடு. பெரிய ரோட்டிலிருந்து நாற்பத்தொரு படி ஏற வேண்டும். மாமி அந்தப் படிகளை இடையில் ஒரே ஒரு தடவை மட்டும் நின்று ஏறுவார். நிற்கும்போதும் மூச்சு வாங்குவதற்காக இல்லை, பக்கத்து வீட்டுக்காரியிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்காக என்று காட்டிக்கொள்வார்.

அவருக்கு இருபது வருடத்துக்கு மேலாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அதைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை கிடையாது. பிளேன்டீக்கு ஒரு துண்டு கித்துல் கருப்பட்டி கடிப்பதை எங்கள் யாராலும் நிறுத்த முடியவில்லை. அவருடைய கவலையெல்லாம் கதிரையைப் பற்றித்தான். கம்பளையில் இருக்கும் அவருடைய மூத்த சகோதரி முழங்கால் முடியாமல் கதிரையில் உட்கார்ந்து தொழுவதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பயம் பிடித்துக்கொண்டது.

"நெத்தி நெலத்துல படணும் மகள். கதிரையில தொழுற நாளக் காட்டாம அல்லாஹ் என்ன எடுத்துக்கணும்" என்பார்.

கதிரையில் தொழுதாலும் தொழுகை தொழுகைதான் என்று ஆலிம் சொல்வதை அவர் ஏற்றுக்கொண்டார், மற்றவர்களுக்கு. தனக்கு வேண்டாம். ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்து, கால்விரல்களை மடக்கிக் கிப்லாப் பக்கம் வைத்து, பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழும்புவார். எழும்பி நின்றதும் ஒரு பார்வை பார்ப்பார். இன்றைக்கும் எழும்பிவிட்டேன், பார்த்தாயா என்கிற பார்வை. அந்த எழும்புதலுக்காகத்தான் அவர் கிளினிக்குக்குப் போனார், குளிசை விழுங்கினார், கசப்புச் சாறெல்லாம் குடித்தார்.

எங்கள் குடும்பத்தில் மாமியின் கைக்குப் பெரிய பேர். தேங்காய் ரொட்டியைக் கரண்டி இல்லாமல் வெறும் விரலால் புரட்டுவார். அடுப்பில் தட்டு புகைந்துகொண்டிருக்கும், இவர் பேசிக்கொண்டே விளிம்பை விரலால் அழுத்திச் சுற்றிவிடுவார். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் அப்படிச் செய்யப் போய்ச் சுட்டுக்கொண்டு காதுமடலைப் பிடித்தபடி நின்றேன். நாத்தனார்மார் சிரித்தார்கள். "டீச்சர்ட கையி சோக்கட்டி பிடிக்கத்தான் சரி. எங்க உம்மாட கையப் பாருங்க, இரும்பு" என்றார்கள். எங்கள் வீடுகளில் ஒரு பெண் நல்ல சமையல்காரி என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. சூட்டுக்கு அஞ்சாத விரல் என்றால் மரியாதைதான்.

ஆனால் அந்தப் பழைய நாட்களில் மாமியின் விரல் தட்டில் பட்டதும் எழும்பிவிடும். பட்டென்று தொட்டு, பட்டென்று எடுப்பார். அவருடைய கெட்டித்தனம் அந்த வேகத்தில்தான் இருந்தது. கடைசி இரண்டு மூன்று வருடங்களில் அந்த வேகம் போய்விட்டது. விரலை வைத்தபடியே திரும்பி என்னோடு பேசுவார். ஒரு நாள் அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் மஞ்சளாக ஒரு தடிப்பு இருந்தது. "எங்கயோ பட்டீக்கி" என்றார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். வேகம் குறைந்ததை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன், வயதாகிறது என்று நினைத்தேன். அவருக்கு இன்னும் கூடக் கெட்டித்தனம் வந்துவிட்டது என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

அது மட்டுமா. மாமியை வகுப்புக்கே கொண்டுபோய்விட்டேன். "எங்க வீட்ல ஒராள் ஈக்காங்க, கொதிக்கிற தட்டுல விரல வெச்சிக்கிட்டே கத பேசுவாங்க. பழகப் பழகத் தோல் தடிச்சுப் போகும், வாங்கிகளும் பழகிடும்" என்று உதாரணம் சொன்னேன். அந்தத் தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளை, உணர்ச்சி இழப்புக்கு உதாரணம் தருக என்ற கேள்விக்கு, டீச்சரின் மாமிக்கு விரலில் சூடு தெரியாது என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, இரண்டு புள்ளியையும் வெட்டினேன். அந்தப் பிள்ளை பாவம், சரியாகத்தான் எழுதியிருந்தது.

பிறகு கிளினிக்கில் நடந்தது. மாமியைக் கூட்டிக்கொண்டு போவது என் முறை. அன்று பாதங்களைப் பரிசோதிக்கும் நாள். கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்கள். ஒரு தாதி, மீன்பிடி நூல் மாதிரி ஒரு நைலோன் இழையைப் பாதத்தில் அங்கும் இங்கும் வைத்து அழுத்தி, "தெனெனவத அம்மே?" என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே வந்தார். உணர்கிறதா அம்மா என்று அர்த்தம். மாமி ஒவ்வொரு தடவையும் ஆமென்று "ஓவ்" சொன்னார். பத்துக்குப் பத்து.

நான் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். பரீட்சை மண்டபத்தில் எந்தப் பிள்ளை எந்தக் கண்ணால் யாருடைய தாளைப் பார்க்கிறது என்று கதவிலிருந்தே சொல்லக்கூடியவள் நான். மாமியின் இடது கண் முழுதாக மூடவில்லை. இமைக்குக் கீழே ஒரு கீற்றுத் திறந்திருந்தது. தாதியின் கை தாழும்போது அந்தக் கீற்றும் தாழ்ந்தது. ஒரு தடவை அவசரப்பட்டு, நூல் படுவதற்கு முன்பே "ஓவ்" என்றுவிட்டார். தாதி காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

மாமி என்னை அண்ணாந்து பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். வீட்டில் திருத்த வேண்டிய தாள் ஒரு கட்டு இருந்தது. சொன்னால் இன்னும் ஒரு கியூ, இன்னும் ஒரு துண்டுச் சீட்டு, இன்னும் ஒரு நாள் லீவு. நான் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது த்ரீவீலரில் மாமி கேட்டார், "பாஸ் தானே மகள்?"

"நூத்துக்கு நூறு மாமி" என்றேன்.

இரண்டு பேரும் கட்டுகஸ்தோட்டை வீதி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தோம். த்ரீவீலர்காரரும் என்னவென்று தெரியாமல் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். மகனுக்குத் தெரிந்தால் சமையலறைப் பக்கம் விடமாட்டான், படி இறங்க விடமாட்டான், பிறகு கதிரைதான் என்று மாமி பயந்திருந்தார். அது எனக்கு விளங்கியது. விளங்கியும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் இருக்கும். மழை விடாமல் பெய்த ஒரு கிழமை. ஹந்தான மலை மூன்று நாளாகக் கண்ணிலேயே படவில்லை. உடுப்புக் காயவில்லை, சுவரெல்லாம் ஈரம். மாமிக்குக் கால் குளிர்ந்துகொண்டே இருந்தது, காலுறையை நாங்கள் மேஸ் என்போம், அதில் இரண்டு சோடி போட்டுக்கொண்டிருந்தார். அஸர் நேரம். தொழுகைக்கு முன் வுழூச் செய்ய, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் கழுவுமிடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். முகத்தையும் கையையும் குழாயில் கழுவிவிட்டு, காலை மட்டும் பேசனில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவுவது மழைக்காலத்தில் அவருடைய வழக்கம். கழுவும் முன் கொஞ்ச நேரம் காலை உள்ளே வைத்துக்கொண்டிருப்பார். பிறகு சுண்டுவிரலை விட்டு ஒவ்வொரு விரலிடுக்கையும் கோதிக் கழுவுவார்.

நாலரைக்கு எனக்கு ஒன்லைன் வகுப்பு. பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைகள். மணி நாலேகால் தாண்டிவிட்டது. அன்றைக்குப் பாடம் எது என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தெறிவினைதான், கையும் மெழுகுதிரியும்.

"மகள், கொஞ்சம் சுடுதண்ணி தாறீங்களா? காலு வெறச்சிப் போய் ஈக்கி."

கரண்ட் கேத்தலில் கொதிக்கவைத்துக் கொண்டுபோய், பேசனில் இருந்த பச்சத்தண்ணீரில் கொஞ்சம் ஊற்றினேன். மாமி விரலை விட்டுப் பார்த்தார்.

"இன்னும் பச்சத்தண்ணி மாதிரித்தான் ஈக்கி."

இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மறுபடி விரலை விட்டார், யோசித்தார். ரொட்டித் தட்டில் கிடந்து பழகிய அதே விரல்கள்.

"சூடு பத்தா மகள்."

கேத்தல் காலி. திரும்பிப் போய் நிரப்பிச் சுவிட்சைப் போட்டேன். அங்கே போன் அடித்துக்கொண்டிருந்தது, பிள்ளைகள் ஒவ்வொன்றாக வகுப்புக்குள் வந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. மழை மேல், வகுப்பு மேல், காயாத உடுப்பு மேல், எல்லாவற்றையும் விட மாமி மேல். ஒரு பேசன் தண்ணீருக்கு எத்தனை தரம் நடப்பது? கொதித்த கேத்தலைக் கொண்டுவந்து, இருந்ததில் பாதிக்கு மேல் பேசனுக்குள் கவிழ்த்தேன். கேத்தலைப் பக்கத்துச் சீமெந்துத் திண்டில் டக்கென்று வைத்தேன். அவ்வளவு பலமாக வைக்க வேண்டிய தேவையே இல்லை.

"இப்பவாவது சரியா?"

மாமி விரலை இலேசாக விட்டு எடுத்தார். "ஓ மகள், இப்ப சரி" என்று இரண்டு காலையும் உள்ளே வைத்தார்.

நான் கையை விட்டுப் பார்க்கவில்லை. ஒரு விரல் நுனி போதும். என் விரலில் எல்லா வாங்கிகளும் நல்லபடி வேலை செய்துகொண்டுதான் இருந்தன. மேசைக்குப் போய், போனை நிமிர்த்தி வைத்து, பிள்ளைகளுக்கு ஸலாம் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினேன்.

அன்று மஃரிப் முடிந்து மாமியின் தொழுகை விரிப்பை மடிக்கும்போது கால் வைக்கும் இடத்தில் ஈரம் இருந்தது. "காலத் தொடைக்காம வந்தா தொழுத மாமி? விரிப்பெல்லாம் ஈரம்" என்று சிடுசிடுத்தேன். "தொடச்சேனே" என்றார். நான் நம்பவில்லை. மேஸும் ஈரமாக இருந்திருக்கும். அதைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பாடசாலை விட்டு வந்தபோது மாமி கட்டிலில் உட்கார்ந்து மேஸைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை. "ஒட்டிக்கிட்டீக்கி" என்றார். நான் குனிந்து மெதுவாக இழுத்தேன். மேஸோடு தோலும் வந்தது. இரண்டு பாதத்திலும் கொப்புளம் உடைந்து, விரல்களுக்கு மேலே சிவந்த சதை தெரிந்தது. வலது கால் பெருவிரல் பார்க்க முடியாதபடி இருந்தது.

மாமி என் தோளுக்கு மேலால் எட்டி, வேறு யாருடையவோ காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வலிக்கல்லையா மாமி?"

"இல்லயே" என்றார். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். என் கணவர் வேலையிலிருந்து நேரே வந்து அங்கே நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி சொல்லிவிட்டார்.

"நான்தான் கேத்தலத் தூக்கி ஊத்திக்கிட்ட. சூடு கூடிப் போச்சி."

நான் மாமியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். இல்லை, ஊற்றியது நான் என்று சொல்ல எனக்கு அந்த இடத்தில் தாராளமாக நேரம் இருந்தது. டாக்டர் பேனையை மூடினார், தாதி வந்தார், கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் கணவர் நல்ல மனிதர், ஆனால் பயம் வந்தால் ஏசுவார். அன்று முழுக்க உம்மாவை ஏசினார். "ஒங்களுக்கு என்ன உம்மா, சின்னப் புள்ளயா? என்னத்துக்குக் கேத்தலத் தூக்கின? வீட்ல ஆள் இல்லயா? ஒரு சத்தம் போட்டா அவ வந்து ஊத்தித் தந்தீப்பாதானே?" மாமி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "சரி மகன். இனித் தொட மாட்டன்" என்றார். என் முன்னால்தான் இதெல்லாம் நடந்தது. அவ வந்து ஊற்றித் தந்திருப்பாளே என்று அவர் சொன்ன அந்த அவள், கட்டிலின் மறுபக்கத்தில் நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு காயத்துக்கு மருந்து கட்டுவதை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் பாடசாலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். "பெத்த மகளும் இப்படிப் பாக்க மாட்டா" என்று கம்பளையிலிருந்து வந்த மாமியின் சகோதரி என் தலையைத் தடவினார். தலையில் அந்தக் கை பட்ட இடம் எரிந்தது. என்னுடைய பாடப் புத்தகத்தில் அப்படியொரு வாங்கி கிடையாது, ஆனாலும் எரிந்தது.

இடது கால் ஆறியது. வலது கால் ஆறவில்லை. பெருவிரல் கறுத்தது, பிறகு அடுத்த விரல். இரண்டையும் எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தார்கள். மாமி மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஸுஜூதுக்கு விரல மடக்க ஏலுமா?" என்பதுதான். என் கணவர் வெளியே போய்விட்டார். நான் "பொறகு பாப்போம் மாமி" என்றேன்.

அது ஏலவில்லை. காலில் பாரம் விழக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை லுஹருக்கு என் கணவர் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து கிப்லாப் பக்கம் பார்த்து வைத்தார். மாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைத்தடியை ஊன்றிப் போய் உட்கார்ந்தார். ஸுஜூது வந்தபோது உட்கார்ந்தபடியே குனிந்தார். நெற்றி காற்றில் நின்றது. நான் சமையலறைக்குப் போய் வெங்காயம் உரித்தேன். அன்றைய கறிக்கு வெங்காயம் தேவையே இல்லை.

எத்தனையோ நாள் பொறுத்துவிட்டு, ஒரு பின்னேரம் மருந்து கட்டி முடித்தபோது கேட்டுவிட்டேன்.

"ஏன் மாமி அப்படிச் சொன்னீங்க? ஊத்தினது நான்தானே."

மாமி துணிச்சுருளின் நுனியைக் கையில் எடுத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பொல்லாத்தனமாவா ஊத்தின? நான்தானே கேட்ட" என்றார்.

"நீங்க சரின்னு சொன்னதாலதான் நான் போனேன். சூடு தெரியாட்டி என்னக் கை வெச்சுப் பாக்கச் சொல்லியிருக்கலாமே?"

கேட்ட பிறகுதான் என் குரலைக் கவனித்தேன். குற்றத்தை அவர் பக்கம் தள்ளுகிற குரல். மாமிக்குக் கோபம் வரவில்லை. சாதாரணமாக, காலநிலையைப் பற்றிச் சொல்வது மாதிரித்தான் சொன்னார்.

"சொல்லத்தான் இருந்த மகள். கேத்தல நீங்க டக்குனு வெச்ச சத்தம் கேட்டிச்சி. கோவம் வந்திட்டுன்னு வெளங்கினிச்சி. பொறகு எப்படிச் சொல்ற? சரின்னு சொன்ன. கால்ல ரெண்டு வருஷமா ஒண்டும் வெளங்குறல்ல. கையும் அப்படித்தான். தண்ணி சரியா இல்லயான்னு எனக்கி எங்க தெரியும்?"

தண்ணீரின் சூட்டைச் சொல்ல அவரிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. என் கோபத்தை மட்டும் ஒரு சத்தத்திலேயே பிடித்துவிட்டார். அதைப் பிடித்த அதே நொடியில், வகுப்பில் நான் படம் போட்டுக் காட்டுகிற கை மாதிரி, யோசிக்காமல் பின்வாங்கியிருக்கிறார். காலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, என்னிடமிருந்து பின்வாங்கியிருக்கிறார்.

அன்றைக்கே என் கணவரிடம் சொன்னேன். கழுவுமிடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், கேத்தல், பேசன், போன், கிளினிக்கில் மூடாத கண், ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும். சீமெந்துத் திண்டில் உட்கார்ந்து, ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழும்பி உம்மாவின் அறைக்குப் போனார்.

"உம்மா, நான் ஒங்கள ஏசின எல்லாத்துக்கும் மன்னிச்சிக்கங்க" என்றது எனக்குக் கேட்டது.

மாமி அவருக்கு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பிறகு நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது என்னைப் பார்த்து, "ஏன் மகள் சொன்ன? முடிஞ்ச விஷயம் தானே" என்றார். முடிந்த விஷயம் என்று அவர் சொல்லலாம். அவருடைய கால் அது.

இப்போது வுழூத் தண்ணீர் நான்தான் கலக்குகிறேன். அவருடைய இடது காலுக்கு மட்டும். முதலில் பச்சத்தண்ணீர், பிறகு சுடுதண்ணீர், பிறகு என் முழங்கையை உள்ளே விட்டு இருபது வரை எண்ணுகிறேன். ஒன்லைன் வகுப்பை ஐந்தரைக்கு மாற்றிவிட்டேன். அந்தப் பரீட்சைத் தாளை எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, நீ எழுதியது சரி என்று சொன்னேன். அது எந்தத் தாள் என்றே அவளுக்கு ஞாபகமில்லை. கையும் மெழுகுதிரியும் படத்தை இந்த ஆண்டும் வரைந்தேன், அதே இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டில் குரலை உயர்த்துவதில்லை. கதவை அறைவதில்லை. கேத்தலைக் கீழே வைக்கும்போது அதற்கடியில் ஒரு மடித்த துணி போட்டிருக்கிறேன்.

நேற்று அஸருக்கு முன், கேத்தலை இன்னும் அடுக்கிலிருந்து எடுக்கக்கூட இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சவர்க்காரக் கையிலிருந்து சட்டி மூடி ஒன்று வழுக்கி நிலத்தில் விழுந்து, பெரிய சத்தத்தோடு சுழன்று நின்றது. எனக்குக் கோபமில்லை, கை வழுக்கியது, அவ்வளவுதான்.

அறையில் கதிரையிலிருந்து மாமியின் குரல் உடனே வந்தது.

"போதும் மகள். தண்ணி சரி."